பிந்திய திருத்தம்: காளான் பற்றி நான் எழுதியது பிழை

பத்திரிகைத் தொழிலில் நாற்பது வருடங்களுக்கு மேல் காலம் கழித்தவன் நான். அக்காலத்தில் எழுதியவற்றுள் பிழைகள் பல இருந்தன. பெயரைத் தவறாகப் போட்டிருக்கிறேன். திகதியை மாற்றிப் போட்டிருக்கிறேன். ஒருமுறை உயிரோடிருந்த ஒருவரை "காலஞ்சென்ற" என்று எழுதி, மறுநாட் காலை அவரே காரியாலயத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றதும் உண்டு. அவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு பக்கத்தின் மூலையில், சிறிய எழுத்தில், "திருத்தம்" என்ற தலைப்பின் கீழ் பரிகாரம் தேடிக்கொண்டோம். ஆனால் 1986 ஆம் ஆண்டில் நான் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்கு மட்டும் திருத்தம் வெளிவரவேயில்லை. அது பிழை என்பதே அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

கடந்த மழைக்காலத்தில் பிலிமத்தலாவையில் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேதான் அந்தக் கட்டுரை மீண்டும் என் கண்ணில் பட்டது. அதனாற்தான் இதை எழுதுகிறேன்.

பிலிமத்தலாவையை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேராதனையைத் தாண்டி, கடுகண்ணாவைக் கணவாய்க்கு முன்னதாக வரும் சிறிய நகரம் அது. பித்தளைப் பாத்திரக் கடைகளும், புகையிரத நிலையமும், அதற்கு அப்பால் வயல்களும், வாசனைத் திரவியத் தோட்டங்களும், தென்னையும் பலாவும் நிழல் தரும் வீட்டுத் தோட்டங்களும் உள்ள இடம். அண்மையில், 1344 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கடலாதெனிய விகாரை இருக்கிறது. ஈரவலயத்து மலைச்சாரல் என்பதால் மண் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். ஒரு வாரம் வெயில் எறித்து, பின்னர் இரண்டு நாள் இடியுடன் மழை பெய்தால், மூன்றாம் நாள் காலையில் வேலியோரங்களிலும் புற்றடிகளிலும் வெள்ளை வெள்ளையாகக் குடைகள் முளைத்திருக்கும். பிள்ளைகள் அவற்றைத் தேடிப் போவார்கள். சிங்களவர் "ஹத்து" என்பார்கள்; நாம் காளான் என்கிறோம்.

நண்பரின் வீட்டில் அன்று பகற் சாப்பாட்டுக்குக் காளான் பால்கறி. பறித்து வந்தவர் அவருடைய மாமியார். எண்பது வயதைக் கடந்தவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டு முடிந்ததும் நண்பர் ஒரு பழைய கொப்பியை எடுத்து வந்தார். அவருடைய காலஞ்சென்ற தந்தையார் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டிச் சேர்த்த கொப்பி அது. சமையற் குறிப்புகள், கைவைத்தியம், ராசிபலன்களுக்கு நடுவே, மஞ்சள் பூத்த ஒரு துண்டில் என் பெயர் அச்சாகியிருந்தது. "நல்ல காளானை அறிவது எப்படி?" என்பது தலைப்பு.

"உங்களுடைய கட்டுரைதான் ஐயா. இன்றைக்கும் நாங்கள் இதைத்தான் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் நண்பர், மிகுந்த மரியாதையோடு.

வாசித்தேன். நானூறு சொற்களுக்கு மேல் இராது. காளானைச் சமைக்கும்போது ஒரு வெள்ளி நாணயத்தையோ உரித்த வெள்ளைப்பூண்டையோ போட வேண்டும். கறுத்தால் நஞ்சு, கறுக்காவிட்டால் நல்லது. பூச்சியும் நத்தையும் கடித்த காளானை மனிதரும் உண்ணலாம். வெள்ளைக் காளான் நல்லது, நிறக் காளான் கெட்டது. சந்தேகமிருந்தால் உப்பும் மஞ்சளும் இட்டு நன்றாகக் கொதிக்கவிட்டால் நஞ்சு முறிந்துவிடும். இவ்வளவும் நான் எழுதியவை.

அந்தக் கட்டுரை பிறந்த கதை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஞாயிறு இணைப்பில் ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் நின்றுபோய்விட்டது. அச்சுக்கோப்பாளர் காத்திருந்தார். "மழைக்காலம்தானே, ஏதாவது காளானைப் பற்றி எழுதித் தாரும்" என்று ஒருவர் சொன்னார். எங்கோ ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் பார்த்ததையும், சிறு வயதில் பாட்டி சொல்லக் கேட்டதையும் கலந்து அரை மணித்தியாலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு விபத்துச் செய்தியென்றால் பொலிஸில் கேட்டு, ஆஸ்பத்திரியிலும் கேட்டு, இரண்டும் ஒத்துவந்த பின்னரே எழுதுவேன். காளானுக்கு அப்படி எவரையும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் கேட்பதற்கு உரியவர்கள் பேராதனையிலேயே இருந்தார்கள்.

நான் எழுதிய நான்கும் பிழை. ஒன்றுகூடத் தேறாது.

வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகச் சேர்மங்கள். உயிரைக் கொல்லும் காளான் நஞ்சு வெள்ளியையும் கறுக்கச் செய்யாது, பூண்டையும் கறுக்கச் செய்யாது. நத்தைக்கும் பூச்சிக்கும் உடம்பு வேறு, நமக்கு வேறு. மனிதனைக் கொல்லும் காளானை நத்தை தின்றுவிட்டு அடுத்த காளானுக்கு ஊர்ந்து போகும். உலகில் காளானால் நிகழும் மரணங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அமானிட்டா இனத்திலேயே தூய வெள்ளைக் காளான்கள் இருக்கின்றன. அவற்றின் நஞ்சாகிய அமாடொக்ஸின் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உலர்த்தினாலும் அழியாது. உப்பும் மஞ்சளும் கறிக்குச் சுவை சேர்க்கும், நஞ்சை முறிக்கமாட்டா. தப்பிப் பிழைத்தவர்கள் பலர், தாங்கள் உண்ட நச்சுக் காளான் மிகவும் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள்.

கொப்பியை மூடி வைத்துவிட்டு, "இதைப் பார்த்துச் சமைத்து எப்போதாவது யாருக்காவது ஏதாவது நேர்ந்ததா?" என்று நண்பரிடம் கேட்டேன். "இல்லை, இல்லை" என்றார் உடனே. சிறிது யோசித்தபின், ஒருநாள் வீட்டில் எல்லோருக்கும் கடுமையான வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து, கடைசி மகனை இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேலைன் ஏற்றியதாகச் சொன்னார். அன்று விளையாட்டுத் திடலின் புற்றரையிலிருந்து அவரே பறித்து வந்த காளானைத்தான் சமைத்தார்களாம். பெரிய வெள்ளைக் குடை. மேலே மண்ணிறச் செதில்கள். தண்டில் ஒரு வளையம். "ஆனால் ஐயா, பூண்டு கறுக்கவில்லை. அதனால் தேங்காய்ப்பால் புளித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்."

அவர் வர்ணித்தது குளோரோஃபில்லம் மொலிப்டிட்டிஸ் என்ற காளானோடு பொருந்துகிறது. வெப்பவலய நாடுகளின் புற்றரைகளில் பரவலாக முளைப்பது அது. உண்டு ஓரிரு மணித்தியாலங்களில் குடலைப் பிரட்டிவிடும். பொதுவாக உயிரைக் கொல்லாது. ஆனால் சிறுவர்களின் உடம்பிலுள்ள நீரை ஒரே இரவில் வற்றச் செய்துவிடும். அன்று அந்த வீட்டில் நடந்தது இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். அந்தக் குடும்பம் காளானைச் சந்தேகிக்கவே இல்லை. சந்தேகிக்க விடாமல் தடுத்தது என்னுடைய பூண்டு.

இத்தனையையும் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "பூண்டு என்னத்த சொல்லும் தம்பி? அடிய பாக்கணும்" என்றார். என்னை வேலிப்பக்கம் கூட்டிப் போனார். காலையில் அவர் பறித்த இடம் அது. இன்னும் நான்கைந்து காளான்கள் நின்றன. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, கூரான ஒரு கம்பால் சுற்றிலும் மண்ணைக் கிளறினார். தண்டு மண்ணோடு முடியவில்லை. வால் போல மெலிந்து கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டேயிருந்தது. ஒரு முழத்துக்குக் கிட்டத் தோண்டிய பின்னரும் முனை வரவில்லை. "இது போயி கறையான் வூட்டுல முடியும். அப்புடி முடிஞ்சாத்தான் நம்மளுக்கு. முடியலைன்னா அது நாய்க்கொட, வுட்டுறணும்."

எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டியின் இரண்டு வாக்கியங்களில் இருந்த விஷயம், நான் எழுதிய நானூறு சொற்களில் இருக்கவில்லை.

அவர் காட்டியது புற்றுக்காளான். விஞ்ஞானிகள் டெர்மிட்டோமைசிஸ் என்று அழைக்கும் பேரினம். இந்தப் பெயரை 1942 இல் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ரொஜே ஹெய்ம். மண்ணுக்குள் புற்றுக் கட்டும் சில கறையான் இனங்கள் சருகையும் மரத்தூளையும் கொண்டுபோய், தேன்கூடு போன்ற அறைகள் அமைத்து, அதில் இந்தப் பூஞ்சணத்தைப் பயிர் செய்கின்றன. தாம் நேராகச் சமிக்க முடியாத மரநாரைப் பூஞ்சணம் சிதைத்துக் கொடுக்க, அதைக் கறையான் உண்கிறது. ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளாக நடந்துவரும் கமம் இது. மழை வரும்போது அந்தப் பூஞ்சணம் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து பூக்கிறது. அந்தப் பூவே நம் சட்டிக்கு வரும் காளான். ஆபிரிக்காவின் சாம்பியாவில் இதே பேரினத்தைச் சேர்ந்த ஒன்றின் குடை ஒரு மீற்றர் வரை விரியும். மனிதனால் இதுவரை இக்காளானைக் கறையானின் துணையின்றிச் சந்தைக்கு ஏற்றவாறு வளர்க்க முடியவில்லை. ஆகவே, வீடு கட்டும்போது புற்றை இடித்துக் கறையான் மருந்தை ஊற்றினால் அங்கே முளைத்துவந்த காளானும் அத்துடன் முடிந்தது.

இதில் மனத்தை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. இந்தக் குடும்பத்துக் காளான்களில் மிகச் சிறியது, அரிசியை வாரி இறைத்தாற்போல் நூற்றுக்கணக்கில் முளைப்பது, தமிழ்நாட்டில் அரிசிக்காளான் என்று வழங்குவது. விஞ்ஞான உலகுக்கு அது முதன்முதலில் விவரிக்கப்பட்டது இலங்கை மாதிரிகளைக் கொண்டுதான். 1849 முதல் 1880 வரை பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த துவைற்ஸ், சேகரித்த பூஞ்சணங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி, புரூம் என்ற இருவரும் 1871 இல் அதற்குப் பெயரிட்டு வெளியிட்டார்கள். பின்னர் 1905 இல் பேராதனைக்கு வந்த தோமஸ் பெற்ச், மறு வருடமே கறையான் புற்றுப் பூஞ்சணங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். பிஸ்பி என்பவருடன் சேர்ந்து அவர் தொகுத்த இலங்கைப் பூஞ்சணங்களின் பட்டியல் 1950 இல் நூலாக வந்தது. பிலிமத்தலாவையிலிருந்து சில மைல் தொலைவில் நூற்றைம்பது வருடங்களாகச் சேர்ந்த அறிவு இது. பிலிமத்தலாவைக் குசினியில் இருந்ததோ என் நாணயமும் பூண்டும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில மைல் தூரத்தைக் கடக்க உதவுவதுதான் பத்திரிகைக்காரனின் வேலை. நான் அதைச் செய்யவில்லை.

நம்முடைய பழைய புலவர்களுக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்கிறது. காளானுக்குச் சங்கத் தமிழில் ஆம்பி என்று பெயர். பாணனின் வறிய வீட்டைப் பாட வந்த சிறுபாணாற்றுப்படை, கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளான் பூத்திருப்பதைச் சொல்கிறது. கறையான் இருந்த இடத்திலேயே காளானையும் வைத்த அப்புலவரின் கண் கூர்மையானது. புறநானூற்றில் குமணனிடம் போன பெருந்தலைச் சாத்தனார், நெடுநாள் நெருப்பு மூட்டாத தம் வீட்டு அடுப்பில் காளான் முளைத்திருப்பதைச் சொல்கிறார். அங்கெல்லாம் அது வறுமையின் அடையாளம். இன்றும் வறுமைக்கும் அதற்கும் உள்ள உறவு அறுந்துபோகவில்லை. மரக்கறி விலை ஏறும்போது வேலியோரத்தைப் பார்ப்பவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்.

அதனாற்தான் இது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று என்கிறேன். 2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தில், காட்டுக் காளானை உண்டு குறைந்தது 13 பேர் மாண்டார்கள். திப்ருகரிலுள்ள அசாம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். அச்செய்தியை வாசித்தபோது எனக்கு நுவரெலியாவும் அற்றனும் பதுளையும் கண்ணுக்குள் வந்தன. அதே தேயிலை, அதே லயம், அதே கூலி, அதே மழை.

அமாடொக்ஸின் மனிதனை ஏமாற்றும் விதம் கொடூரமானது. உண்டவுடன் ஒன்றும் நேராது. ஆறு மணித்தியாலத்துக்குப் பின்னர், சிலருக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்தே, வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். ஒரு நாளில் அது தணியும். நோயாளி எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்பார். வீட்டாரும் கண்டம் கடந்தது என்று நிம்மதி அடைவார்கள். அந்த நிம்மதிக்குள்ளேயே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாளில் கண் மஞ்சளாகும்போது காலம் கடந்திருக்கும். நடுத்தர அளவான ஒரு காளானே வளர்ந்த மனிதனுக்குப் போதும். ஆகவே காளான் உண்ட பின் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் கழித்து வாந்தி தொடங்கினால், அது தானாகத் தணிந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிஞ்சிய காளானையும், கறியையும், குப்பையில் எறிந்த தண்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுகள் பற்றிய தேசிய தகவல் நிலையம் இருக்கிறது. வைத்தியர்கள் அங்கே ஆலோசனை கேட்க முடியும்.

இனி, நல்ல காளானை அறிவது எப்படி? அந்தப் பழைய தலைப்புக்கு இன்றாவது ஒழுங்காக விடை சொல்ல வேண்டும்.

முதலாவது, பறிக்காதே, தோண்டு. மண் மட்டத்தில் ஒடித்து எடுத்த காளான், முதற் பக்கம் கிழிந்த உறுதிப் பத்திரம் போன்றது. புற்றுக்காளானின் நீண்ட வாலும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அமானிட்டாவின் அடியில் உள்ள பைபோன்ற உறையும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஒன்று உணவு என்பதற்கான சாட்சி, மற்றது நஞ்சு என்பதற்கான சாட்சி. ஒடிக்கும்போது இரண்டும் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. முழுப் புற்றையும் கிளற வேண்டியதில்லை. அடையாளத்துக்கு ஒன்றைத் தோண்டினாற் போதும். ஆனால் மற்றவை யாவும் அதே இனம்தானா என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தே கூடையில் இட வேண்டும்.

இரண்டாவது, குடையைப் பார். பெரிய புற்றுக்காளானின் குடை நடுவில் கூம்பாக, மண்ணைத் துளைத்து வந்த முனையோடு இருக்கும். அந்த முனை நிறத்தில் சற்றுக் கறுத்திருக்கும். விரிந்தபின் ஓரம் பல இடங்களில் கிழியும். குடைக்குக் கீழுள்ள இதழ்கள் தண்டைத் தொடாமல் நிற்கும். தண்டு உட்குழல் இன்றி, நாரோடு உறுதியாக இருக்கும். அரிசிக்காளானுக்கு நீண்ட வால் இல்லை. கறையான் தன் கூட்டுத் துகளை வெளியே கொண்டுவந்து பரப்பிய இடத்தில், ஓரிரு சென்ரிமீற்றர் குடையோடு திரளாக முளைக்கும். ஆகவே வால் என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு அதை அறிய முடியாது. சின்னஞ்சிறு காளான்களில் மயக்கம் அதிகம். பழகிய கண் இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது, வித்துத்தூளின் நிறத்தைப் பார். குடையை வெட்டி, இதழ் கீழே இருக்குமாறு ஒரு தாளின் மேல் வைத்து, கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விட்டால் தாளில் தூள் படியும். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாள் நல்லது. புற்றுக்காளானின் தூளில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். அமானிட்டாவின் தூள் வெள்ளை. நண்பரின் குடும்பத்தைப் படுத்தியதாக நான் ஐயுறும் அந்தப் புற்றரைக் காளானின் தூள் பச்சை. ஆனால் இளஞ்சிவப்புத் தூள் விழுந்துவிட்டால் மட்டும் போதாது. நச்சுள்ள வேறு சில காளான்களுக்கும் அந்நிறம் உண்டு. மண்ணுக்குள் வால் போல நீளும் அடியும் வேறு சிலவற்றுக்கு உண்டு.

எனவே ஒரே ஓர் அடையாளம் ஒருபோதும் தீர்ப்பாகாது. இடம், அடி, குடை, இதழ், தூள் ஆகிய ஐந்தும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். நான்கு ஒத்து ஒன்று முரண்பட்டால், முரண்பட்ட அந்த ஒன்றையே நம்ப வேண்டும். இவ்வளவையும் சொன்ன பின்னரும் ஒரு வேண்டுகோள்: இக்கட்டுரையை மட்டும் படித்துவிட்டு எவரும் கூடையோடு புறப்பட வேண்டாம். காளானைக் கண்ணாலும் கையாலும் பல மழைக்காலங்கள் அறிந்த ஒருவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும்.

"அதற்குத்தான் இப்போது கைத்தொலைபேசி இருக்கிறதே" என்று கேட்கலாம். நண்பரின் மகளும் அப்படித்தான் கேட்டாள். வேலியோரத்தில் நின்ற ஒரே காளானை மூன்று பக்கத்திலிருந்து படம் பிடித்தாள். அவளுடைய செயலி மூன்று பெயர்களைச் சொன்னது. அந்தப் பிள்ளை மீது எனக்குக் குறையில்லை. தேட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே, எனக்கு 1986 இல் தோன்றவில்லையே. ஆனால் படத்தில் அடி இல்லை, தூள் இல்லை. 2023 இல், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதியதாகக் கருதப்படும் காளான் வழிகாட்டி நூல்கள் இணையக் கடைகளில் விற்பனைக்கு வந்தபோது, நியூயோர்க்கின் காளான் ஆர்வலர் சங்கம் அவற்றை வாங்க வேண்டாம் என்று பகிரங்கமாக எச்சரித்தது. அச்செய்தி எனக்கு வியப்பளிக்கவில்லை. அங்கிங்கு பொறுக்கி, சரிபார்க்காமல், நம்பிக்கையான தொனியில் எழுதுவது எப்படி என்பதை இயந்திரத்துக்கு முன்னரே நாங்கள் அறிந்து வைத்திருந்தோம்.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஊரில் வைக்கோற் காளானை அறிந்தவர்கள் அவுஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே உருவில் ஒன்றைக் காண்பார்கள். அது அமானிட்டா ஃபலோயிடிஸ். உலகிலேயே அதிகமானோரைக் கொன்ற காளான். ஓக் மரங்களோடு ஊர்விட்டு ஊர் போய்ப் பரவியது. மொட்டுப் பருவத்தில் இரண்டும் முட்டை வடிவம். இரண்டுக்கும் அடியில் பை. வித்துத்தூள்தான் வேறு: வைக்கோற் காளானுக்கு இளஞ்சிவப்பு, மற்றதற்கு வெள்ளை. 2011 இன் கடைசி இரவில் கன்பராவில் அக்காளானை உண்ட இருவர் சில நாட்களில் இறந்தார்கள். 2016 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. ரொறன்ரோவைச் சூழ்ந்த காடுகளிலோ முழுவெள்ளை அமானிட்டாக்கள் முளைக்கின்றன. ஊரில் கற்ற காளானறிவு ஊருக்கே உரியது. கப்பலேறியோ விமானமேறியோ போகும்போது அதை இங்கேயே வைத்துவிட்டுப் போவதுதான் உயிருக்கு உத்தரவாதம்.

அப்படியானால் காட்டுக் காளானையே தடை செய்துவிட்டாலென்ன என்று சிலர் சொல்வார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன். அந்த மூதாட்டியின் அறிவு பல தலைமுறையின் அறிவு. தடை வந்தால் அறிந்தவர் பறிப்பதை நிறுத்துவார். அறியாதவர் ஒளித்துப் பறிப்பார். அறிவு போய் ஆபத்து மட்டும் மிஞ்சும். செய்யக்கூடியது வேறு. காட்டுக் காளானை மேசைக்குக் கொண்டுவரும் பாதுகாப்பான வழியைக் கன்னொறுவை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 1847 இல் இலங்கை மாதிரியைக் கொண்டு பெயரிடப்பட்டதும், சிங்களவர் "உறு பஹ" என்று அழைப்பதுமான பெரிய காளானைச் செயற்கையாக வளர்க்கும் முறையை விவசாயத் திணைக்களத்தின் ஆய்வாளர்கள் 1990 களின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார்கள். அந்த உழைப்பு தோட்டப் பகுதிகளுக்கும் போய்ச் சேரட்டும். பேராதனையின் அறிவு, சிங்களத்தோடு தமிழிலும், நிறப்படங்களோடு, அடியும் தூளும் தெரியும்படி சுவரொட்டியாக வரட்டும். மழைக்காலம் தொடங்கும் முன் அது ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும், பாடசாலையிலும், சந்தையிலும் தொங்கட்டும். அதை எழுதும்போது அந்த மூதாட்டியைப் போன்றவர்களையும் பக்கத்தில் இருத்திக் கேட்கட்டும். பத்திரிகைகளிலும் வானொலியிலும் இருக்கும் என் இளைய சகாக்கள், ஆண்டுதோறும் மழை வரும்போது பூண்டு வைத்தியத்தை மறுபிரசுரம் செய்யாதிருக்கட்டும்.

எழுதியவனுக்கு அரை மணித்தியால வேலை. வெட்டி ஒட்டி வைத்தவருக்கு அது வாழ்நாள் வழிகாட்டி. ஞாயிறு கழிந்தால் பத்திரிகை கடலை சுற்றப் போய்விடும் என்று நாங்கள் காரியாலயத்தில் கேலியாகச் சொல்வோம். அது முழு உண்மையன்று. சில துண்டுகள் கொப்பிக்குள் தங்கிவிடுகின்றன. தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகின்றன. எத்தனை வீடுகளில் அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது என்பதை நான் எப்படி அறிவேன்?

புறப்படும் முன் நண்பரின் கொப்பியை வாங்கி, அந்தத் துண்டின் மேல் குறுக்கே கோடிட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சற்று மனவருத்தம்தான், தகப்பனாரின் கொப்பியல்லவா. மாமியார் மட்டும் சிரித்துக்கொண்டே, "அடுத்த மழைக்கு வாங்க தம்பி, காட்டித் தாறேன்" என்றார். போவதாக இருக்கிறேன்.

மற்ற வீடுகளுக்காக இங்கே, பத்திரிகை வழக்கப்படியே எழுதுகிறேன்.

திருத்தம்: 1986 ஆம் ஆண்டு ஞாயிறு இணைப்பொன்றில் "நல்ல காளானை அறிவது எப்படி?" என்ற தலைப்பில் வெளியான கட்டுரையில், வெள்ளி நாணயம், வெள்ளைப்பூண்டு, பூச்சிக்கடி, நிறம், கொதிக்க வைத்தல் ஆகியவற்றால் நச்சுக் காளானை அறியவோ அதன் நஞ்சை நீக்கவோ முடியும் எனக் குறிப்பிடப்பட்டிருந்தது. இவை அனைத்தும் தவறானவை. அக்கட்டுரையை வெட்டி வைத்திருப்போர் அதைக் கிழித்துவிடவும். தவறுக்கு எழுதியவர் வருந்துகிறார்.